துளைக்குத் திறப்பு விழா

நேரம் நிறைய இருப்பவர்கள் சாய்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை இது. ஆனால் நேரம் நிறைய இருப்பவர்கள் எல்லாரும் அந்த நிலையத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். ஆகவே உங்களுக்கு இருக்கிற நேரத்துக்குள் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

சிதம்பரம் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால் செல்லிணைப்பு உயராய்வு நிலையம் வரும். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், கண்ணுகளா. நம் உடம்பு முழுக்கச் செல்கள். தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பது போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்பு வாங்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? கூப்பிட்டுக் கையை நீட்டுவோம். செல்லும் அதைத்தான் செய்கிறது. இந்தச் செல்லின் சுவரில் ஆறு புரதங்கள் வட்டமாகக் கைகோத்து நின்று பாதிக் குழாய் ஆகின்றன. அந்தச் செல்லின் சுவரில் அதே மாதிரி இன்னொரு பாதி. இரண்டும் நேருக்கு நேர் வந்து பொருந்தினால் முழுக் குழாய். அதன் வழியே உப்பு போகும், சேதி போகும். இதயத்தில் ஒரு செல் துடித்ததும் அடுத்த செல்லிடம் ‘நீயும் துடி’ என்று சொல்வது இந்த வழியாகத்தான். அதற்கு அது யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. வாங்க வேண்டியிருந்தால் இந்தக் கதையைக் கேட்க நீங்களும் இல்லை, சொல்ல நானும் இல்லை.

இந்தக் குழாய் எப்படிப் பொருந்துகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கணினிக்குள் ஒவ்வோர் அணுவாகக் கட்டி, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, அசைய விட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் எண்கள்தான். அப்படிப் பார்க்கிறவள்தான் காயத்ரி. காட்டுமன்னார்கோயிலில் வாழ்க்கைப்பட்டவள், தினம் டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். ஆராய்ச்சியில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகி, எட்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் பதினேழு, மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு.

அவள் மாமனார் நெல் விவசாயி. ஏச்சு இல்லை, நிஜமான சந்தேகத்தில் கேட்பார்.

“நெல்லுகூட நூத்தி இருவது நாள்ல வந்துடுதும்மா. உன் புரதம் எப்ப அறுப்பு?”

“இன்னும் பாதிதான் மாமா இருக்கு.”

“அதத்தான் நாலு வருஷமா சொல்ற.”

அவள் பொய் சொல்லவில்லை. அவளிடம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தச் சுவர் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரே துறைதான். அதில் உத்திராபதி, மணவாளன் என்று இரண்டு பேராசிரியர்கள். ஆண்டு விழாக் குழுப்படத்தில் இயக்குநரின் வலப்பக்க நாற்காலி யாருக்கு என்பதில் தகராறு. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்தப் படம் இப்போதும் நூலகத்தில் மாட்டியிருக்கிறது. இயக்குநர் ராஜசபேசன் ஒரு வாரம் யோசித்துத் துறையையே இரண்டாகப் பிரித்தார். அன்று அவர் பேசியதை நிலையத்தின் மலரில் அச்சிட்டிருக்கிறார்கள்.

“ஒரு கொழாய்க்கு ரெண்டு பாதி. நம்மகிட்ட பேராசிரியரும் ரெண்டு. இயற்கையே நமக்கு வழி காட்டுது பாருங்க. முழுக் கொழாயையும் ஒருத்தர்கிட்ட குடுத்துட்டா என்னா ஆகும்? அவரு முடிச்சிடுவாரு. முடிஞ்சிட்டா நிலையம் எதுக்கு?”

கைதட்டினார்கள். அடுத்த மாதம் ஆய்வுக்கூடத்தின் நடுவே ஒன்பது அங்குலச் சுவர் எழும்பியது. இந்தப் பக்கம் உத்திராபதி தலைமையில் இடப்பாதித் துறை. அந்தப் பக்கம் மணவாளன் தலைமையில் வலப்பாதித் துறை. அன்றிலிருந்து இரண்டு தலைவர்களும் பேசுவதில்லை.

வலப்பாதித் துறையில் காயத்ரியைப் போலவே ஓர் ஆராய்ச்சி மாணவி, பிரீதா. கோயிலையொட்டிய கீழவீதிக்காரி. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. உள்ளே பேசிக்கொள்ளக் கூடாதென்பதால் இரண்டு பேரும் எதிர்ச்சாரி டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

“உன் பாதி எப்பிடிடி இருக்கு?”

“ஆடிக்கிட்டே கெடக்கு. உன்னுது?”

“அதுவும்தான். மாப்பிள்ளை வராத கல்யாண மேடை மாதிரி, எல்லாம் அலங்காரமா நிக்குது.”

இரண்டு பாதியையும் சேர்த்து ஓடவிட்டால் ஒரு கணினி திணறும். இந்தப் பக்கத்துக் கணினியும் அந்தப் பக்கத்துக் கணினியும் ஒரு கம்பியால் இணைந்து ஒன்பது நாள் விடாமல் கணக்குப் போட வேண்டும். வேண்டியது ஒரு கம்பி, அது நுழைய ஒரு துளை. அவ்வளவுதான். வைஃபை உண்டே என்பீர்கள். அது இயக்குநர் அறையில் மட்டும் உண்டு. கடவுச்சொல் அவருக்கும் மறந்துபோய்விட்டது.

காயத்ரி மனு எழுதினாள். விதி பதினான்கின்படி ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும் எதுவும் கடலூரில் இருக்கிற தலைமை அலுவலகம் போய்த்தான் வர வேண்டும். ஒன்பது அங்குலம் தாண்டுவதற்கு, போக நாற்பத்தைந்து கிலோமீட்டர், வர நாற்பத்தைந்து. இருபத்து மூன்று நாளில் பதில் வந்தது. நெறிமுறைக் குழு முன் நேரில் ஆஜராகவும்.

கடலூர் பஸ் ஏறினாள். செம்மங்குப்பத்து ரசாயன ஆலை நாற்றம் வந்ததும் எல்லாரும் வழக்கம்போலச் சன்னலைச் சாத்தினார்கள், தாண்டியதும் திறந்தார்கள். தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இந்தச் செல்லு யாரோடது?”

“யாரோடதும் இல்ல சார். கம்ப்யூட்டர்ல கட்டுனது.”

“அதும்மேல ஆராய்ச்சி பண்ண அதோட சம்மதக் கடிதம் இருக்கா?”

“சார், அது வெறும் நம்பர்.”

“அப்பா அம்மா?”

“இல்ல சார்.”

குழுத் தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். “பாருங்கம்மா, ஆதரவில்லாத ஒண்ண வச்சி நீங்க பாட்டுக்கு உப்பு ஊத்தி அசைச்சிப் பாக்கறீங்க. நாங்க கண்ண மூடிக்கிட்டு இருக்க முடியுமா? மூடிக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்கதான் மனுக் குடுத்துத் தெறக்க வச்சீங்க.”

அந்தச் செல்லுக்குக் காப்பாளராக இருக்கச் சம்மதம் என்று காயத்ரி எழுதிக்கொடுத்தாள். படிவத்தில் ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப யோசித்து ‘அக்கம்பக்கம்’ என்று நிரப்பினாள். ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கப் போனபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஆணா, பொண்ணா?”

காப்பாளர் சான்று போய்ச் சேர்ந்ததும், சுவரில் துளை போடுவது கூடாதென்றும், அதற்குப் பதிலாகக் காயத்ரியின் பாதியைத் தலைமை அலுவலகமே முறைப்படி வலப்பாதித் துறைக்கு அனுப்பிவைக்கும் என்றும் உத்தரவு வந்தது. தன் பாதியின் கோப்பை வெளியே ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து மின்னஞ்சலில் கடலூருக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து ஆறு சாக்கு இறங்கியது.

புரதத்தை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அணு. ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறது என்று வரிக்கு மூன்று எண், பக்கத்துக்கு நாற்பது வரி. பக்கத்துக்குப் பக்கம் ‘உண்மை நகல்’ என்று முத்திரை, கீழே பச்சை மையில் கையெழுத்து. கூடவே ஒரு கடிதம்: ‘மேற்படி புரதம் சேதமின்றிப் பெறப்பட்டது என்று ஒப்புகை அனுப்பவும்.’ மூன்றாவது சாக்கு வழியில் மழையில் நனைந்திருந்தது. பிரீதா அதைப் பிரித்து ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். சொட்டியது.

டீக்கடையில் சொன்னாள்: “உன் புரதம் வந்து சேந்துதுடி. இதயம் வேலை செய்யறதுக்கு எத்தினி சாக்கு வேணும்னு இப்பத்தான் தெரிஞ்சிது.”

“தட்டச்சு பண்ண எவ்ளோ நாளாவும்?”

“தெனம் உக்காந்து அடிச்சா ஒன்ற வருஷம்.”

அன்று தேதி செப்டம்பர் இருபத்தாறு. காயத்ரி டீயைக் குடிக்கவில்லை. ஆடை படிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க மாமாகிட்ட என்னாடி சொல்லுவேன்” என்றாள். பிரீதா ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

இந்த இடத்தில்தான் இளவரசு வருகிறார். நிலையத்துக்கு ஒரே எலக்ட்ரீஷியன். அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூசை. அந்த நிலையத்தில் ஓர் ஆணி அடிக்கக் குழு உண்டு, ஆணியைப் பிடுங்கவும் குழு உண்டு. பூசைக்கு மட்டும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்டால் தெய்வக் குற்றம் என்று ஒரு பயம். அதைவிட, கேட்டால் பொரி கடலை வருவதற்குள் அடுத்த ஆயுத பூசை வந்துவிடும் என்று தெரியும். பூசைக்கு முதல் நாள் உத்திராபதி வந்து பார்த்தார். அவர் பக்கம் சரஸ்வதி படத்துக்கு மேல் சீரியல் செட் போடப் பிளக் பாயிண்ட் இல்லை. அந்தப் பக்கம் மணவாளன் நாலு வரிசை பல்பு போட்டு மினுக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

“இளவரசு, அவுங்கள விட ஒரு பல்பாவது ஜாஸ்தி எரியணும்.”

“கரண்ட் அந்தப் பக்கத்துலேந்துதான் சார் எடுக்கணும். செவுத்துல ஓட்ட போடணும்.”

“பூஜைக்குத்தானே? போடு. படத்துக்குப் பின்னாடி போடு.”

டிரில்லிங் மெஷின் உறுமியது. காயத்ரி எட்டு வருஷமாகக் கேட்ட சத்தங்களிலேயே இனிமையான சத்தம் அது. செங்கல் தூள் கொட்டி முடிந்ததும் கிட்டே போனாள்.

“அண்ணே, உங்க ஒயரு கூட இன்னொரு ஒயரு போவுமா?”

இளவரசு அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த நீலக் கம்பியைப் பார்த்தார். “எத்தினி வருஷமா இதத்தான் கேட்டுக்கினு இருந்தியாம்மா?”

“நாலு.”

“என்னக் கேட்டிருக்கலாமே” என்றபடி பெரிய பிட்டை மாட்டி, துளையை ஒன்றரை அங்குலமாக அகலப்படுத்தினார்.

அந்தப் பக்கம் கம்பியின் நுனியைப் பிரீதா பிடித்து இழுத்துச் செருகினாள். ஓட்டம் தொடங்கியது. மறுநாள் பூசை. அன்று எல்லா இயந்திரங்களுக்கும் ஓய்வு. கணினிகளையெல்லாம் அணைத்து விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்ற வேண்டும். காயத்ரி எல்லாம் செய்தாள், அணைக்கவில்லை. திரையை மட்டும் அணைத்தாள். ராஜசபேசன் பட்டு வேட்டியில் ஒவ்வோர் அறையாகத் தீபாராதனைக்கு வந்தார். காயத்ரியின் மேசை முன் நின்றார். பெட்டியில் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

“இது என்னா மினுக்குது?”

இளவரசு கற்பூரத் தட்டோடு குறுக்கே வந்தார். “சீரியல் செட்டு சார்.”

இயக்குநர் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்.

ஐந்து நாள் நன்றாக ஓடியது. ஆறாம் தேதி காலை, காய்ந்த மாலையைக் கழற்ற உத்திராபதி படத்தைத் தூக்கினார். படத்துக்குப் பின்னால் துளை. துளையில், சீரியல் செட் கழற்றிய பிறகும், ஒரு நீலக் கம்பி. துளைக்கு அப்பால் மணவாளனின் சட்டைப் பித்தான்.

அரைமணி நேரத்தில் இயக்குநர், இரண்டு தலைவர்கள், ஒரு விசாரணைக் குழு. இளவரசு கையில் சிமெண்டுச் சட்டி. காயத்ரி திரையைப் பார்த்தாள். நூற்றுக்கு ஐம்பத்தைந்து.

“சார், இன்னும் நாலு நாள். இப்பப் புடுங்கிட்டா மொதல்லேருந்து ஓட்டணும். பதினேழாந்தேதி எனக்குக் கடைசி நாள் சார்.”

“கடைசி நாள் எல்லாருக்கும் வரும்மா” என்றார் ராஜசபேசன் கனிவாக. “விதிதான் நிரந்தரம். இந்தச் செவுரு சாதாரணச் செவுரு இல்ல. இது இருக்கறதாலதான் இங்க ரெண்டு துறை, ரெண்டு தலைவர், ரெண்டு ஏசி. இதுல ஓட்ட விழுந்தா முதல்ல சேதி போவும். அப்பறம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வேலதான் நடக்குதுன்னு தெரிஞ்சி போவும். அப்பறம் வேலையே நடக்கலன்னு தெரிஞ்சி போவும். இளவரசு, அடை.”

இளவரசு சிமெண்டைக் குழைக்கத் தொடங்கினார். அப்படி நிதானமாகச் சிமெண்டு குழைத்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றும்போது அலுவலக உதவியாளர் ஒரு தாளோடு ஓடிவந்தார். தில்லியிலிருந்து தரமதிப்பீட்டுக் குழு மறுநாளே வருகிறது. கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி: ‘துறைகளுக்கிடையே இணைப்பு உள்ளதா? உண்டு எனில் நேரில் காட்டவும். இருபது மதிப்பெண்.’

ராஜசபேசன் தாளைப் படித்தார். துளையைப் பார்த்தார். மறுபடி தாளைப் படித்தார்.

“சட்டியக் கீழ வையி” என்றார். “நாளைக்குத் தெறப்பு விழா.”

உடனே கல்வெட்டு தயாராக உத்தரவு. மூன்றடிக்கு இரண்டடி, கறுப்புப் பளிங்கு. அதைச் சரியாகத் துளையின் மேலேயே பதிப்பதென்று முடிவாயிற்று. அந்த இடத்தில்தானே திறக்கிறார்கள்? பளிங்கு வந்தால் கம்பி அறுந்தது.

சுவரில் சிவப்பு வெல்வெட் திரை கட்டினார்கள். கல்லுக்கான ஆணை இயக்குநரின் மேசையிலிருந்து கிளம்பி, விதி பதினான்கின்படி கடலூர் போய், ஒப்புதலுக்காக இயக்குநரின் மேசைக்கே திரும்ப வேண்டும். ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு அது செம்மங்குப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கலாம். மதிப்பீட்டுக் குழுத் தலைவர் மாலையோடு வந்து நின்றுவிட்டார். நாதஸ்வரம் வாசித்தாயிற்று. கல் வரவில்லை என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. அவர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

வெறும் சுவர். நடுவில் ஒரு துளை.

பிறகு என்ன நடந்தது என்றால், கூட்டத்தில் பாதிப் பேர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிக்காரர்கள். திரையை விலக்கி வெட்டவெளியைக் காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகினவர்கள். முன் வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் போட்டுக்கொண்டார். அலை மாதிரி கடைசி வரிசைவரை போனது. தில்லிக்காரர் திகைத்துப் போய்த் தானும் ஒருமுறை போட்டுக்கொண்டார்.

ராஜசபேசன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “கல்வெட்டு எங்கன்னு சில பேரு யோசிக்கலாம். இணைப்புங்கறது கல்லுல இல்ல. பதினோரு வருஷ உழைப்புல நாங்க இந்த நெலையத்துல உருவாக்குனது எல்லாம் இதோ, உங்க கண்ணு முன்னாடி இருக்கு. நல்லா பாத்துக்கங்க.”

எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். இருபதுக்கு இருபது.

அதன் பிறகு துளையை அடைக்க முடியவில்லை. திறந்து வைக்கப்பட்ட எதையும் மூட, திறந்து வைத்தவரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்பது விதி முப்பத்தொன்று. திறந்து வைத்தவர் தில்லிக்குப் போய்விட்டார். கல் ஒரு வாரம் கழித்து வந்தது. துளையைத் தொடப் பயந்து அதற்குக் கீழே பதித்தார்கள்.

பத்தாம் தேதி பதினோரு மணிக்கு, காயத்ரியின் திரையில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பாதிகளும் கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, பொருந்தின. உப்புத் தண்ணீரிலிருந்து ஒரு பொட்டாசியம் குழாயின் வாயில் வந்து நின்றது. உள்ளே போயிற்று. காணவில்லை.

துளை வழியாக ஒரு கூச்சல் வந்தது. “வந்துடுச்சிடி! உன் பொட்டாசியம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சி!”

“வச்சிக்கோடி” என்றாள் காயத்ரி. “திருப்பித் தர வேணாம்.”

ஒரு வாரம் எழுதினாள். பதினேழாம் தேதி நாலு மணிக்கு ஆய்வேடு தயார். மேலே ஒரு தாளில் இரண்டு துறைத் தலைவர்களின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். உத்திராபதி கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை ஓர் உறையில் போட்டு, ‘கடலூர்’ என்று எழுதினார்.

“முறையா போயி முறையா வரட்டும். ஒரு இருவத்து மூணு நாள்.”

“சார், மணி நாலே கால்.”

“அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்? வேற வழி இருந்தா சொல்லு.”

காயத்ரி உறையிலிருந்து தாளை எடுத்தாள், சுருட்டினாள், துளையில் செருகினாள். அந்தப் பக்கம் ஒரு கை அதை இழுத்துக்கொண்டது.

சுவருக்கு அப்பால் மணவாளனின் குரல் கேட்டது. “இது எந்த வழியா வந்துது?”

“தெறந்து வச்ச வழியா சார்” என்றாள் பிரீதா.

பேனா கீறும் சத்தம். அதோடு நின்றது. மணவாளனிடம் முத்திரை கிடையாது. துறையைப் பிரித்தபோது நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் பிரித்தவர்கள் முத்திரையைப் பிரிக்க மறந்துபோனார்கள். அது உத்திராபதியின் இழுப்பறையிலேயே இருந்துவிட்டது. பதினோரு வருஷமாக மணவாளனின் தாள்கள் முத்திரைக்குக் கடலூரைச் சுற்றி உத்திராபதியிடம் போய் வந்தன. மணி நாலே முக்கால். காயத்ரி துளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

துளையில் ஒரு வாய் தெரிந்தது. செருமியது.

“உத்திராபதி... கொஞ்சம் சீலு குடேன்.”

உத்திராபதி இப்படியும் அப்படியும் பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார். முத்திரையை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். “தட்டையா இருக்கற பக்கம் மேல வச்சி வாங்கு. மை ஒட்டும்” என்று சொல்லி, துளையில் வைத்துத் தள்ளினார்.

நாலு ஐம்பத்தாறுக்குத் தாள் திரும்பி வந்தது. காயத்ரி ஓடினாள். அலுவலகத்தில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தாள்.

“மாமா, அறுப்பு முடிஞ்சிடுச்சி.”

“எத்தினி மூட்டைம்மா?”

“ஆறு சாக்கு மாமா. ஒண்ணு நனஞ்சி போச்சி.”

முத்திரையை மணவாளன் திருப்பித் தரவில்லை. மறுநாள் காலையே உத்திராபதி துளையில் வாயை வைத்துக் கேட்டார். அதற்கு அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அன்று தொடங்கி இன்றுவரை தினம் பத்து மணிக்கு இரண்டு பேரும் துளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சண்டைதான். ஆனாலும், கடலூர் போய்ச் சுற்றி வராத சண்டை.